பணியில் இருந்துகொண்டே பட்டம்: பயில்வோர்க்கு வேண்டிய துணை

அலுவலகத்திலோ ஆலையிலோ மருத்துவமனையிலோ பள்ளியிலோ பணிபுரிந்துகொண்டே பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பயிலும் ஆண்களும் பெண்களும் நம் நாட்டில் லட்சக்கணக்கில் உள்ளனர். இவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போது கல்வித் துறையினர் பெரும்பாலும் சேர்க்கை எண்ணிக்கையைக் கூறுவர். நிதித் துறையினர் மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவைக் கூறுவர். இரண்டும் தேவையான கணக்குகளே. ஆயினும் மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. சேர்ந்தவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படித்தாக வேண்டும், அந்த நேரம் அவருடைய வாழ்வில் எங்கிருந்து வரும், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பார் என்பதே அக்கணக்கு. இவ்வுரை பெரிதும் அதைப் பற்றியது.

வேலையும் படிப்பும் ஒருங்கே நடைபெறுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஆசிரியர்களும் எழுத்தர்களும் தனித் தேர்வர்களாகப் பல்கலைக்கழகத் தேர்வு எழுதி வந்தது நெடுங்கால வழக்கம். தனித் தேர்வருக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையும் தேர்வு நாளையும் அறிவித்ததோடு நின்றுகொண்டது. கற்பிக்கும் பொறுப்பை அது ஏற்கவில்லை. இக்குறையை ஓரளவேனும் களையும் நோக்குடன்தான் அஞ்சல் வழிக் கல்வி தோன்றியது. டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஏற்று, 1962ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் இதனை முதன்முதலாகத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு பல பல்கலைக்கழகங்களும் அதனைப் பின்பற்றின. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் இம்முயற்சியில் இறங்கியது.

அதே கோத்தாரி தலைமையேற்ற கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையில் துணிவான ஓர் இலக்கை முன்வைத்தது. 1986ஆம் ஆண்டுக்குள் உயர்கல்வி பெறுவோரில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் அஞ்சல் வழியாகவும் மாலைக் கல்லூரிகளின் வழியாகவும் பயிலும் வகையில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அது. அஞ்சல் வழி பயில்வோர் ஆசிரியர்களை அவ்வப்போது நேரில் சந்திக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அக்குழு வலியுறுத்தியது. முதற் பரிந்துரை பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. இரண்டாவதை நினைவில் கொள்வோர் குறைவு. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21ஆம் ஆண்டில் உயர்கல்வி பெற்றோர் சுமார் 4.14 கோடிப் பேர். அவர்களுள் தொலைநிலைக் கல்வி பயின்றோர் 45 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதாவது ஒன்பது பேரில் ஒருவர். மாலைக் கல்லூரி மாணவர் இக்கணக்கில் தனியே காட்டப்படுவதில்லை என்பதை மனத்திற் கொண்டாலும், மூன்றில் ஒரு பங்கு என்ற இலக்கு இன்னும் தொலைவிலேயே உள்ளது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற கருத்து இதன் அடுத்த படியாகும். பிரிட்டனில் 1969இல் அத்தகைய பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இந்தியாவில் அதன் பொருத்தத்தை ஆராய 1974இல் ஜி. பார்த்தசாரதி தலைமையில் ஒரு பணிக்குழு அமைந்தது. 1982இல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பின்னர் அது டாக்டர் அம்பேத்கர் பெயரைப் பெற்றது. நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1987இல் அது தொடங்கிய இரண்டு பட்டயப் படிப்புகளில் சேர்ந்தோர் 4,528 பேர். அவற்றுள் ஒன்று மேலாண்மைப் படிப்பு என்பது கருதத்தக்கது. பணியில் உள்ளோரை மனத்தில் வைத்தே அப்பல்கலைக்கழகம் தன் முதல் அடியை எடுத்து வைத்தது எனலாம். இன்று அது லட்சக்கணக்கானோருக்குக் கல்வி அளிக்கிறது.

இனி மணிக் கணக்குக்கு வருவோம். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நூலைப் படிப்பது, ஒலி ஒளி நிகழ்ச்சிகளைக் கேட்பது, மாணவர்கள் அசைன்மென்ட் என்று வழங்கும் ஒப்படைப்புகளை எழுதுவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அப்பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த இளங்கலைப் பட்டப் படிப்பு 96 கிரெடிட்டுகள் கொண்டது. 96ஐ 30ஆல் பெருக்கினால் 2,880 மணி. மூன்றாண்டுகளில் முடிக்க விரும்புவோர் ஆண்டுக்கு 960 மணி, வாரத்துக்கு ஏறத்தாழப் பதினெட்டரை மணி படித்தாக வேண்டும். ஆறாண்டு வரை கால வரம்பு உண்டு; அதனை முழுமையாகப் பயன்படுத்துவோர்க்கு இச்சுமை வாரத்துக்கு ஒன்பதேகால் மணியாகக் குறையும். 2023ஆம் ஆண்டின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு ஓராண்டுக் கல்வியை 1,200 மணி, அதாவது 40 கிரெடிட் என்று வரையறுத்துள்ளது. இதன்படி முழுச் சுமையை ஏற்பவர் வாரத்துக்கு 23 மணி ஒதுக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் இருப்பதோ 168 மணி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த உச்ச அளவான 48 மணி வேலைக்குப் போகட்டும். பெருநகரில் வசிப்பவர் போகவர நாளொன்றுக்கு இரண்டு மணி என்று கொண்டால் ஆறு நாளுக்குப் பன்னிரண்டு. உறக்கம் ஏழு மணி வீதம் 49. உணவு, நீராடல், கடைகண்ணிக்குச் செல்லுதல், பிள்ளைகளைக் கவனித்தல், உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் வருதல் என நாளுக்கு ஐந்து மணி வைத்தாலும் 35. எஞ்சுவது 24 மணி. அதிலிருந்து பதினெட்டரை மணியைப் படிப்புக்கு எடுத்தால், ஓய்வென்று மிஞ்சுவது நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம். ஒரு வாரம் இவ்வாறு வாழ்தல் எவருக்கும் இயலும். மூன்றாண்டுகள் வாழ்வது கடினம். படிப்பில் சேர்ந்து பாதியில் நின்றவர்களைச் சோம்பர் என்றோ ஊக்கமற்றோர் என்றோ எண்ணுவதற்கு முன் இந்தக் கூட்டல் கழித்தலை ஒருமுறை செய்து பார்ப்பது நலம்.

பெண்களுக்கு இக்கணக்கு இன்னும் கடுமையானது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். இப்பெண்கள் அனைவரும் வேலைக்குச் செல்வோர் அல்லர். எனவே இவ்வெண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும் அடுப்படிக் கடமை முடிந்து, வீடு அடங்கிய பிறகே ஒரு செவிலியரோ ஆசிரியையோ தம் பாடநூலைத் திறக்க முடிகிறது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

நேரத்துக்கு அடுத்த இடர் தனிமை. வகுப்பில் அமர்ந்து பயிலும் மாணவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறார். எந்தப் பாடம் முக்கியம், எந்த நூலை விட்டுவிடலாம், போன ஆண்டு என்ன கேட்டார்கள் என்பன அவருக்குப் பேச்சு வாக்கில் தெரிந்துவிடும். பணியில் இருந்து பயில்பவருக்கு ஒரு கட்டுப் பாடநூல்கள் வந்து சேருகின்றன. அவை நன்கு எழுதப்பட்டவையாகவே இருக்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பள்ளியை விட்டவர்க்கு நான்கு பக்கத்தில் ஒரு கட்டுரை விடை எழுதுவதே மறந்து போயிருக்கும். முதல் ஒப்படைப்புத்தான் அவர் கடக்க வேண்டிய முதல் மதகு. அதை எழுதி அனுப்பியவர் பெரும்பாலும் தொடர்கிறார். அதை எழுதாமல் தள்ளிப் போட்டவர் படிப்படியாக நழுவிப் போகிறார்.

ஆகவே, ஒப்படைப்பைத் திருத்தும் ஆசிரியர் அதன் ஓரத்தில் எழுதும் இரண்டு வரிகள் சாதாரணமானவை அல்ல. மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஒப்படைப்புக்கும் 70 விழுக்காடு இறுதித் தேர்வுக்கும் என்ற பகுப்பு இம்முறையில் பரவலாக உள்ளது. அந்த 30 விழுக்காடு வெறும் மதிப்பெண்ணுக்காக ஏற்பட்டதன்று. மாணவரும் ஆசிரியரும் உரையாடுவதற்கென்றே ஏற்பட்டது. எழுதியது சரியா, தவறா, எங்கே தவறு என்பதை அவர் அறிய வேண்டிய இடம் அதுவே. திருத்திய தாள் தேர்வு முடிந்த பிறகு வந்து சேருமானால், அல்லது மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றும் அதில் இல்லையானால், பழைய தனித் தேர்வர் முறைக்கும் இதற்கும் வேறுபாடு சொல்வது அரிது. படிப்பு மையங்களில் சனி, ஞாயிறு நாட்களில் ஆலோசனை வகுப்பு நடத்துவோர் வேறு கல்லூரிகளில் முழுநேரப் பணி செய்பவர்கள். அவர்களும் ஒருவகையில் தம் ஓய்வு நாளைத் தருபவர்களே. அவர்களுக்கு அளிக்கப்படும் மதிப்பூதியத்தை உரிய காலத்தில் அளிப்பது மாணவருக்குச் செய்யும் உதவிகளுள் ஒன்று என்பதைக் கணக்குப் பிரிவினர் உணர்தல் வேண்டும்.

பணியோடு படிப்பை இணைப்பதில் இந்நாடு கண்ட நல்ல ஏற்பாடுகளுள் ஒன்று இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 1960களில் ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகளை நடத்தியது. பட்டம் பெற்றிருந்தும் ஆசிரியர் பயிற்சி பெறாமலேயே பள்ளிகளில் பணியாற்றியவர்களுக்காக அவை ஒரு தனிப் பி.எட். படிப்பை வகுத்தன. ஒரு கோடை விடுமுறையில் ஆசிரியர் கல்லூரிக்கு வந்து தங்கிப் பயில்வார். பள்ளி திறந்ததும் தம் ஊருக்குத் திரும்பிப் பாடம் நடத்துவார். அந்த மாதங்களில் பாடங்கள் அஞ்சலில் வரும். மறு கோடையில் மீண்டும் கல்லூரிக்கு வந்து படிப்பை நிறைவு செய்வார்.

இந்த அமைப்பின் நுட்பம் எளிமையானது. படிப்புக்கான நேரம் ஆசிரியருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்படவில்லை. பள்ளிக்கூட ஆண்டு தானாகவே விட்டுவைத்த கோடை இடைவெளியிலிருந்து எடுக்கப்பட்டது. ஊதியம் நிற்கவில்லை, பள்ளியில் இடம் காலியாகவில்லை, பதிலாள் தேட வேண்டிய தொல்லை தலைமையாசிரியருக்கு இல்லை. கல்லூரியில் கற்ற முறையை ஆசிரியர் தம் வகுப்பிலேயே செய்து பார்க்க முடிந்தது. செய்து பார்த்ததில் எழுந்த ஐயங்களோடு அடுத்த கோடையில் திரும்பி வர முடிந்தது. வேலை படிப்புக்குத் தடையாக இராமல் படிப்பின் செய்முறைக் கூடமாகவே ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கோடை விடுமுறை இல்லைதான். ஆனால் ஏறத்தாழ ஒவ்வொரு தொழிலிலும் வேலை மெலியும் காலம் ஒன்று உண்டு. சர்க்கரை ஆலைக்கு அரவை ஓயும் மாதங்கள் உண்டு. வருவாய்த் துறையிலும் கணக்குத் துறையிலும் ஆண்டு முடிவின் நெருக்கடி கழிந்த வாரங்கள் உண்டு. நேர்முக வகுப்புகளையும் தேர்வுகளையும் அக்காலங்களில் வைக்கலாமா என்று பல்கலைக்கழகமும் வேலையளிப்போரும் ஒருங்கே அமர்ந்து பேசிய நிகழ்வுகள் மிகச் சிலவே.

இதற்கு மறுபுறமாக, அவசரத்தில் செய்யப்பட்ட அண்மைக்கால ஏற்பாடு ஒன்றையும் பார்க்க வேண்டும். அது பல்கலைக்கழகப் பட்டமன்று, பட்டயம். ஆயினும் பாடம் ஒன்றே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பயிற்சி பெறாத தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஐந்தாண்டுக்குள் தகுதி பெற வேண்டும் என்றது. கெடு கடந்தும் பல லட்சம் பேர் தகுதி பெறவில்லை. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, கெடு 2019 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை நடத்தும் பொறுப்பை ஏற்றது. சேர்ந்தோர் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர். தொலைக்காட்சி, இணையம், அருகிலுள்ள மையத்தில் நேர்முக வகுப்பு என எல்லா வழிகளும் பயன்படுத்தப்பட்டன. அளவைப் பொறுத்தவரை இது வியத்தகு முயற்சி. எனினும் வழக்கமான இரண்டாண்டுப் படிப்பு, கெடுவின் நெருக்கடியால் 18 மாதமாகச் சுருக்கப்பட்டது.

விளைவு பின்னர் தெரிந்தது. அப்பட்டயத்தோடு வேறு பள்ளிப் பணிக்கு விண்ணப்பித்தவர்களின் தகுதி வினாவுக்கு உள்ளாயிற்று. 18 மாதப் படிப்பு இரண்டாண்டுப் படிப்புக்கு இணையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்டு 10ஆம் நாளன்று பணியில் இருந்து, உரிய கெடுவுக்குள் படிப்பை முடித்தவர்களின் பட்டயம் செல்லும் என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆசிரியர்கள் பட்ட அலைச்சலைச் சொல்லத் தேவையில்லை. பகலில் பள்ளி நடத்தி, இரவில் பயின்று, ஞாயிறன்று வகுப்புக்குச் சென்று பெற்ற சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்று அறிய அவர்கள் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்நோக்கி நின்றனர்.

பொறியியல் துறையில் இதைவிடக் கசப்பான அனுபவம் நேர்ந்தது. பாலிடெக்னிக் பட்டயத்தோடு இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தவர் மேற்பதவிக்கு உயரப் பட்டம் தேவை. அதற்கென நெடுங்காலம் இருந்த மதிப்பான வழி, 1920இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் கழகம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. வேலையை விடாமலே அதனை எழுதித் தேறிப் பொறியாளர் ஆனவர்கள் பொதுப்பணி, மின்வாரியம், ரயில்வே ஆகிய துறைகளில் ஏராளம். 2013 மே 31க்குப் பின் பதிவு செய்தவர்களுக்கு அத்தேர்வு பட்டத்துக்கு இணையானது என்ற ஏற்பு நின்றுபோயிற்று. இதனிடையே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கி வந்தன. 2017 நவம்பர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவற்றின் மீது தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் வென்றால்தான் அவை உயிர் பெறும். அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லாதனவாயின. பதவி உயர்வு பற்றிய ஒரு வழக்கிலிருந்தே இது கிளைத்தது. நடு வயதில், பத்தாண்டுக்கு முன் படித்த கணக்கையும் இயந்திரவியலையும் மீண்டும் எழுதித் தேற வேண்டிய நிலைக்கு அவர்களுள் பலர் ஆளாயினர்.

தீர்ப்புச் சரியானதே, ஆய்வகம் காணாத பொறியியல் பட்டத்தை எவரும் ஏற்க இயலாது. ஆனால் அந்நிறுவனங்களில் கட்டணம் செலுத்திச் சேரும் முன், தம் மேலதிகாரியிடம் அனுமதி கேட்டவர்கள் பலர் இருந்திருப்பர். அலுவலகம் தந்த தடையின்மைச் சான்று, பணிக்கு இடையூறு இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அப்படிப்பு ஏற்புடையதா என்று பார்த்துச் சொல்லும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. நிர்வாகப் பிரிவில் உள்ள ஓர் அலுவலர் அதனைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எழுத்தர் ஒருவரின் நான்காண்டு உழைப்பைக் காக்கக்கூடிய பத்து நிமிடம் அது. பொறியாளர்களைப் பொறுத்தவரை, 2023-24 முதல் பணியில் உள்ளோர்க்கெனக் கல்லூரிகளிலேயே நெகிழ்வான நேரத்தில் வகுப்பு நடத்தத் தொழில்நுட்பக் கல்விக் குழு இசைவு அளித்திருப்பது வரவேற்கத்தக்கது.

வேலையளிப்போர் என்ற நிலையில் மத்திய அரசு என்ன செய்கிறது? 1972ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணிகள் விடுப்பு விதிகளில் கல்வி விடுப்புக்கு இடமுண்டு. ஐந்தாண்டுப் பணி முடித்தவர், தம் பணியோடு நெருங்கிய தொடர்புடைய உயர்கல்விக்காக, பொதுவாக ஒரு தடவைக்கு 12 மாதமும் பணிக்காலம் முழுவதற்கும் 24 மாதமும் விடுப்புப் பெறலாம். திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக உறுதிப் பத்திரம் அளிக்க வேண்டும். இது தாராளமான விதி. ஆனால் இது வேலையை நிறுத்திவிட்டுப் படிப்பவருக்கு உரியது. வேலையில் இருந்துகொண்டே படிப்பவருக்கு இதனால் பயன் சிறிதே. பணியில் சேர்ந்த பின் கூடுதல் தகுதி பெறுவோர்க்கு ஒருமுறை ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. 2019இல் அது தகுதிக்கேற்ப 10,000 ரூபாய் முதல் 30,000 ரூபாய் வரை என உயர்த்தப்பட்டது. நல்லதே. எனினும் பரிசு முடிவிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஓடுபவர் மூச்சிரைப்பதோ நடுவழியில்.

1974ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் அமைப்பு, ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்புப் பற்றி 140ஆம் எண் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. வேலை நேரத்துக்குள்ளேயே கல்விக்கென நேரம் ஒதுக்குவதும், அதற்குரிய ஊதியம் தருவதும் அதன் சாரம். இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அதை முழுமையாக நிறைவேற்றுவதன் இடர்ப்பாடுகள் வெளிப்படை. ஆயினும் அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் அளவில் அதன் கருத்தை மேற்கொள்ளத் தடையேதும் இல்லை.

பணியாளரைப் படிக்க வைத்தால் அவர் வேறிடம் போய்விடுவார் என்ற அச்சம் தனியார் மேலாளரிடம் உண்டு. கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் இவ்வச்சத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். எங்கும் பயன்படும் பொதுத் திறனுக்கான செலவைத் தொழிலாளியே ஏற்பார், ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய திறனுக்கான செலவை நிறுவனமும் பகிர்ந்துகொள்ளும் என்பது அவர் வாதம். பல்கலைக்கழகப் பட்டம் பொதுத் திறன். எனவே நிறுவனம் அதற்குச் செலவிடாது என்பது இதன் விளைவு. ஆனால் அரசுப் பணியாளர் எளிதில் வேலையை விட்டுச் செல்வதில்லை. அவர் பெறும் அறிவு முப்பதாண்டுகள் அதே துறையிலேயே தங்கும். தனியாருக்குப் பொருந்தும் அச்சத்தை அரசு அலுவலகங்களும் கடன் வாங்கிக்கொள்வதற்குப் பொருளியல் அடிப்படை இல்லை.

வேலையளிப்போர் கல்வியில் நேரடியாகப் பங்கு கொள்ளும் முன்மாதிரிகளும் உள்ளன. பிலானியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப அறிவியல் நிறுவனம் 1979 முதல் பணியோடு இணைந்த பட்டப் படிப்புகளை நடத்தி வருகிறது. விண்ணப்பிப்பவர் தம் நிறுவனத்தின் இசைவையும், அங்கே தமக்கு வழிகாட்டக்கூடிய மூத்தவர் ஒருவரின் பெயரையும் தர வேண்டும் என்பது அதன் வழக்கம். இவ்வொரு நிபந்தனையாலேயே, படிப்பவர் அலுவலகத்தில் மறைந்து படிக்கும் நிலை நீங்குகிறது. வங்கித் துறையில் 1928இல் நிறுவப்பட்ட வங்கியாளர் கழகத்தின் தேர்வுகளில் தேறியோர்க்கு ஊதிய உயர்வு கிடைக்கும். அத்தேர்வுகளின் உயர்படியைத் தாண்டியவர்களுக்கெனவே தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வங்கியியல் சார்ந்த எம்.பி.ஏ. படிப்பையும் வகுத்தது. கல்லாவில் கற்றது பல்கலைக்கழக வாயிலில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றுப் பணியாற்றும் செவிலியர்களுக்கான பி.எஸ்சி. நர்சிங் படிப்பும் இவ்வகையினதே.

பணி அனுபவத்துக்கே கிரெடிட் தருவது இதற்கும் ஒரு படி மேல். அக்னிவீரர்களுக்கென 2022இல் அறிவிக்கப்பட்ட இளங்கலைப் பட்டத்தில், பாதிக் கிரெடிட்டுகள் படையில் பெறும் பயிற்சிக்கு உரியவை. தேசியக் கிரெடிட் கட்டமைப்பும் உரிய மதிப்பீட்டுக்கு உட்பட்டு அனுபவத்தைக் கணக்கில் கொள்கிறது. இருபதாண்டு நில அளவை செய்தவர்க்கு அளவையியலின் முதற் பாடத்தை மீண்டும் நடத்துவது அவருடைய நேரத்தையும் நாட்டின் நேரத்தையும் வீணாக்குவதே. மதிப்பீட்டில் கண்டிப்பு வேண்டும். இன்றேல் 18 மாதப் பட்டயத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

பெருந்திட்டங்களுக்கு இடையே சிறு உதவிகள் மறக்கப்படுகின்றன. மருத்துவமனை வார்டில் மாதத் தொடக்கத்தில் ஒட்டப்படும் டூட்டிப் பட்டியலில் ஒரு செவிலியரின் இரவு ஷிப்டு எங்கே விழுகிறது என்பதே அவர் ஞாயிறு காலை வகுப்பில் விழித்திருப்பாரா என்பதை முடிவு செய்கிறது. தேர்வுகள் பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். அந்த நாட்களுக்கு ஈட்டிய விடுப்புக் கேட்டால் கிடைக்குமா என்ற கவலையோடுதான் பலர் தேர்வுக் கட்டணம் செலுத்துகின்றனர். படிப்பின் கடைசி ஆண்டில் வரும் இடமாறுதல் ஆணை, படிப்பு மையம் இல்லாத ஊருக்கு ஒருவரை அனுப்பிவிடக்கூடும். அலுவலக நூலகத்தை மாலை ஏழரை வரை திறந்து வைத்தால், வீட்டில் ஓர் அறையே உள்ளவருக்கு அது ஒரு படிப்பறை. இவற்றுள் எதற்கும் புதிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. பிரிவு அலுவலர் ஒருவரின் கவனம் வேண்டும். அவ்வலுவலர்களுள் பலரும் இவ்வாறு படித்தே மேலே வந்தவர்கள். ஆயினும் தம் கீழ் உள்ளவர் படிக்கிறார் என்று கேள்வியுற்றதும் முதலில் அவர்களுக்குத் தோன்றுவது, கோப்புகள் தேங்குமே என்பதுதான்.

தடையின்மைச் சான்றின் படிவத்தில் இப்போது பணியாளரின் பெயரும் பதவியும் படிப்பின் பெயரும் உள்ளன. அதனோடு நான்கு கட்டங்களைச் சேர்க்கலாம். அப்படிப்பு ஒப்புதல் பெற்றதா எனச் சரிபார்த்த அலுவலரின் கையொப்பம், நேர்முக வகுப்பு நாட்கள், தேர்வு மாதங்கள், ஐயம் கேட்கத்தக்க மூத்த பணியாளர் ஒருவரின் பெயர். நிரப்பிய படிவத்தின் ஒரு படி டூட்டிப் பட்டியல் தயாரிப்பவரிடமும், இன்னொன்று இடமாறுதல்களைக் கவனிக்கும் பிரிவிடமும் இருக்க வேண்டும். இங்கு வந்துள்ள அலுவலர்கள் தத்தம் துறைக்குத் திரும்பியதும் அச்சிட்டுக்கொள்ளக்கூடிய அளவே ஆன வேலை இது.